ஒத்திகையில் எழ மறுத்தவள்

கேன் அக்காவின் கோபம் முதலில் வந்து மோதுவது என் கடையில்தான். நான் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். அவளுடைய மூன்று சக்கர வண்டி அடிக்கடி என்னிடம் வரும். செயின் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் டயரில் காற்று இறங்கியிருக்கும். தண்ணீர் நிரப்பிய பெரிய கேன்களைச் சுமந்துகொண்டு சந்து பொந்தெல்லாம் நுழைந்து வரும் வண்டி வேறென்ன ஆகும்? வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் விதத்திலேயே அன்றைக்கு யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரிந்துவிடும். பிரேக் பிடித்து நின்றால் வாடிக்கையாளர் மேல். என் பெஞ்சில் இடித்து நின்றால் தொழிற்சாலை மேல்.

பெஞ்சின் கால் பல தடவை உடைந்திருக்கிறது.

தொழிற்சாலை எங்கள் தெருக்கோடியில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. குளோரின் வாயுவை இரும்பு உருளைகளில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். குடிதண்ணீரைச் சுத்தப்படுத்த அது வேண்டும். அதே வாயு வெளியே வந்துவிட்டால் மூச்சுக்குழாயைப் பொசுக்கிவிடும். அக்காவின் புருஷன் அங்கே ஒப்பந்தக் கூலியாக உருளை உருட்டிக்கொண்டிருந்தவர். நான் அவரை மாமா என்பேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு உருளையின் மூடி சரியாகப் பொருந்தாமல் சீறியபோது பக்கத்தில் இருந்தவர் அவர்தான். அன்றைக்கு அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது தொழிற்சாலை வண்டிகூட இல்லை. அக்காதான் ஒரு காய்கறி வண்டியை வழிமறித்துக் கொண்டுபோனாள். நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? அப்படி ஒரு கசிவே நடக்கவில்லையாம். ஆள் சிகரெட் பிடிக்கிறவராக இருப்பாராம்.

மாமா ஆயுளில் சிகரெட்டைத் தொட்டதில்லை.

"நடக்கவே நடக்காத கசிவு என் வீட்டுக்காரர் நெஞ்சுக்குள்ள எப்படிடா போச்சு?" என்று அக்கா அன்று தொழிற்சாலை வாசலில் நின்று போட்ட கூச்சல் வாய்க்கால் தாண்டி எங்களுக்குக் கேட்டது. காவலாளி கதவைச் சாத்திக்கொண்டான். அவ்வளவுதான். அதன் பிறகு மாமாவால் கனமாக எதையும் தூக்க முடியவில்லை. அக்கா தண்ணீர் வண்டியை எடுத்தாள்.

அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். வெயில் நேராக இறங்கும் ஒற்றை அறை. கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் கேன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மாமா அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காலி கேன்களைக் கழுவுவார், மூடி போடுவார், போகிற வருகிறவர்களைக் கிண்டல் செய்வார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும். "நான் இப்பல்லாம்... கமா போட்டுத்தான் பேசுறேன் தம்பி" என்பார்.

மேலே அறையில் மாமாவின் அக்கா படுத்திருப்பார். இளவயதில் சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர் என்பதால் தெருவுக்கே அவர் டிக்கெட்டம்மா. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். நடை போனதே தவிரக் குரல் போகவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து அவர் கூப்பிட்டால் என் கடையில் கேட்கும். அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, கழிவு எடுத்து எல்லாம் செய்தது அக்காதான். செய்துகொண்டே திட்டுவாள். "அண்ணி, கொஞ்சம் இடுப்பைத் தூக்குங்க. தூக்கத் தெரியுதா பாரு, வாய் மட்டும் தெருக்கோடி வரைக்கும் போகுது." டிக்கெட்டம்மாவும் சளைக்காமல் பதில் சொல்வார். வெளியாள் கேட்டால் இன்றைக்கு வெட்டுக் குத்து என்று நினைப்பான்.

வருஷத்துக்கு ஒரு தடவை தொழிற்சாலைக்காரர்கள் ஒத்திகை நடத்துவார்கள். வாயு கசிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு சங்கை ஊதுவார்கள். ஆரஞ்சு உடுப்புப் போட்டவர்கள் ஓடி வருவார்கள். தெருவில் சிலரைப் பிடித்து, மயங்கி விழச் சொல்லி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, படம் எடுப்பார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு தொப்பியும் சாப்பாட்டுப் பொட்டலமும் கிடைக்கும். தொப்பியில் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று அச்சடித்திருக்கும்.

"அவங்க மூச்சு... நல்லாத்தான் இருக்கு" என்பார் மாமா. அந்தத் தொப்பியால்தான் கேன் துடைப்பார்.

ஒத்திகையை நடத்துகிறவர் அங்கே பாதுகாப்பு அதிகாரி. வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் அவர் பெயர் ஹெல்மெட். அந்த வருஷம் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் அக்காவின் வண்டி நின்றிருந்தது.

"அம்மா, வண்டியக் கொஞ்சம் ஓரமா எடுங்க."

"நெஜமா கசிஞ்சா உங்க வாயுவும் இப்படித்தான் மரியாதையா கேட்டுட்டு வருமா?"

ஹெல்மெட் சிரித்து மழுப்பினார். மயங்கி விழ ஒத்துக்கொண்டிருந்த இஸ்திரிக்கடைக்காரர் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டார். படம் எடுக்கிறவன் அவசரப்படுத்தினான். "நீங்களே படுத்துக்கறீங்களா? ரெண்டே நிமிஷம்" என்றார் ஹெல்மெட்.

அக்கா மறுபேச்சுப் பேசாமல் படுத்துவிட்டாள். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. அவள் கையில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார்கள். 'கடும் மூச்சுத்திணறல்' என்று எழுதியிருந்தது. ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு கிளம்பி, வாய்க்கால் பாலத்தடியில் நின்றுவிட்டது. எப்போதும் அதுவரைக்கும்தான் போகும். டிரைவர் இறங்கி வந்து பின் கதவைத் திறந்தான்.

"இறங்குங்கம்மா. முடிஞ்சுது."

"எது முடிஞ்சுது?"

"ஒத்திகைதான்."

"எனக்கு மூச்சுத் திணறுது. இங்க பாரு, நீங்கதான் எழுதிக் கட்டியிருக்கீங்க. ஆஸ்பத்திரிக்குப் போ."

அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையைக் கட்டிப் படுத்துக்கொண்டாள். தெரு ஜனம் மொத்தமும் பாலத்துக்கு வந்துவிட்டது. ஹெல்மெட் ஓடி வந்தார். கெஞ்சிப் பார்த்தார். பிறகு மிரட்டிப் பார்த்தார்.

"அம்மா, இது அரசாங்க வண்டி. இப்படியெல்லாம் பண்ணக் கூடாது."

"வருஷா வருஷம் இங்கேயே இறக்கி விடுறியே, இங்க என்ன டாக்டரா இருக்காரு? வாய்க்கால்தானே இருக்கு? நெஜமா நடந்தா எங்களை வாய்க்கால்ல தள்ளிட்டுப் போறதா ஏற்பாடா?"

கூட்டத்தில் ஒருத்தர் கை தட்டினார். அப்போதுதான் தீயணைப்பு நிலையத்து அதிகாரி முன்னால் வந்தார். அவர் ஒரு பெண். அந்த வருஷம்தான் எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்திருந்தார். எல்லோரும் ஸ்டேஷன் மேடம் என்பார்கள். "அவங்க கேக்கறதுல தப்பு ஒண்ணும் இல்லையே சார். மிச்ச வழியையும் பார்த்துடுவோம்" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் ஹெல்மெட்டும் ஏறினார். "கூட யாரு வர்றது?" என்று டிரைவர் கேட்க, அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து, "தம்பி, நீ வா" என்றாள். நானும் ஏறினேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் வந்து, எங்களுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது.

"நெஜமான நேரத்துல கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லிடுவோம்" என்றார் ஹெல்மெட்.

"ரயிலையும் தூக்கி ஓரமா வைக்கச் சொல்லு" என்றாள் அக்கா, படுத்தபடியே.

ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போனால், அவசரப் பிரிவு வாசலில் வரிசையாக ஸ்கூட்டர்கள் நின்றன. ஸ்ட்ரெச்சர் உள்ளே போக இடமில்லை. நானும் டிரைவரும் ஸ்கூட்டர்களை நகர்த்தினோம். உள்ளே ஒரு ஊழியர், சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் வரச் சொன்னார். இப்படி ஒரு ஒத்திகை நடப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. சத்தம் கேட்டு வந்த டாக்டர் சின்ன வயசுப் பையன் மாதிரி இருந்தார். என்ன விஷயம் என்று பொறுமையாகக் கேட்டார். குளோரின் என்றதும் அவர் முகம் மாறியது.

"அந்த ஃபாக்டரியில குளோரினா? அதை எங்ககிட்ட யாருமே சொன்னதில்லையே. ஏதோ மருந்துக் கம்பெனின்னு நெனச்சேன்."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "டாக்டர், நான் ஒருத்தி இல்ல, எங்க தெருவே வந்தா என்ன பண்ணுவீங்க?"

டாக்டர் ஆக்சிஜன் உருளைகள் இருந்த மூலையைப் பார்த்தார். அங்கே இருந்ததே கொஞ்சம்தான். ஒன்றைத் திறக்கும் சாவி காணாமல் போயிருந்தது. 

அக்கா கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். பேசாமல் இறங்கி வெளியே வந்தாள். வாசலில் ஸ்கூட்டர்களைக் காட்டி, "அன்னைக்கு அவரைக் கொண்டாந்தப்பவும் இப்படித்தான் நின்னுச்சு. இத்தனை வருஷத்துல ஒரு வண்டி நகரல. அதைப் பார்க்கத்தான் படுத்தேன்" என்றாள்.  

ஒத்திகையைக் கெடுத்தவள் என்று தொழிற்சாலையில் அவள் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். இனிமேல் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட மாட்டார்களாம். "உங்க கூட்டம் எவனுக்குடா வேணும்?" என்று அக்கா தானே ஒத்திகையைத் தொடங்கிவிட்டாள். கேனைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறுகிறவள்தானே. தண்ணீரை இறக்கி வைத்ததும் கேள்வி கேட்பாள். உங்க வீட்டுல நடக்க முடியாதவங்க யாரு? அவங்களை யார் தூக்குவா? தூக்கிப் பார்த்திருக்கீங்களா? ஆபத்துன்னு காலி கேன் தட்டுற சத்தம் கேட்டா என்ன பண்ணணும்? ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் பேச்சு வாங்க வேண்டும். பாதிப் பேர் அவள் வரும் நேரம் பார்த்துக் குளிக்கப் போய்விடுவார்கள். அக்கா குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பாடம் நடத்துவாள்.

கட்டடத்தின் சொந்தக்காரருக்கு இது பொறுக்கவில்லை. "மாடி மாடியா ஏறி, செத்துடுவீங்க செத்துடுவீங்கன்னு கத்தினா எவன்மா குடி வருவான்?" என்று சண்டைக்கு வந்தார்.

"செத்தவன் மட்டும் குடியிருப்பானா?" என்றாள் அக்கா.

டிக்கெட்டம்மாதான் எதிலும் சேராமல் கேலி பேசிக்கொண்டிருந்தார். "என்னை ஓடச் சொல்றா! ஓடிப்போற வயசுல ஓடியிருந்தா எங்கப்பாவாவது நிம்மதியா இருந்திருப்பாரு" என்று மேலே இருந்து சிரிப்பார். ஆனால் அக்கா அவரை விடவில்லை. நானும் இஸ்திரிக்கடைக்காரரும் ஒரு நாற்காலியில் அவரைக் கட்டி மூன்று மாடியும் இறக்கிப் பழக வேண்டியிருந்தது. வழியெல்லாம் வசவு.

இறக்கி எங்கே கொண்டுபோவது? அதற்குத் தொழிற்சாலையே ஒரு பலகை நட்டிருந்தது. தெருவுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி ஒரு விளையாட்டு மைதானம். அங்கே 'அவசரக் கூடுமிடம்' என்று பச்சைப் பலகை. அக்கா எல்லோரையும் அங்கேதான் ஓடச் சொன்னாள். ஒரு விடுமுறை நாளில் கேனைத் தட்டி, தெருவையே மைதானத்துக்கு ஓட்டி, மூச்சு வாங்க நின்றவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றைக்கு ஸ்டேஷன் மேடம் சாதாரண உடையில் வந்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க எல்லாரையும் குழிக்குள்ள இறக்கிட்டு இருக்கீங்க."

"என்ன சொல்றீங்க?"

"குளோரின் காத்தைவிடக் கனம். தண்ணி மாதிரி பள்ளம் பார்த்து வந்து தேங்கும். இந்த மைதானம் பள்ளம். மேல ஏறணும் அக்கா. மாடிக்குப் போய், ஜன்னலை அடைச்சு, ஈரத்துணியை இடுக்குல திணிக்கணும். வெளிய மாட்டிக்கிட்டா காத்து வர்ற திசைக்குக் குறுக்கால ஒதுங்கணும்."

அக்கா அவர் மேல் எரிந்து விழுந்தாள். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீங்க, பலகையை நானா நட்டேன், படிச்சவங்க நட்ட பலகைதானே என்று என்னென்னவோ கத்தினாள். மேடம் எதிர்த்துப் பேசவில்லை. "நானும் இந்தப் பலகையை இன்னைக்குத்தான் பார்க்கறேன். முன்னாடியே பார்த்திருக்கணும்" என்றார். கத்திக் கத்தி, நடுவில் ஒரு இடத்தில் அக்காவின் குரல் உடைந்தது. தன் கையாலேயே தெருவைக் கொன்றிருப்போம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவள் நேராகப் போய்ப் பலகையைப் பிடித்து ஆட்டினாள். வரவில்லை. பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் கடப்பாறை வாங்கி வந்து அடியைத் தோண்டினாள். யாரையும் தொட விடவில்லை. பிடுங்கிய பலகையை வண்டியில் போட்டு, பாலம் தாண்டி மிதித்துக்கொண்டு போய்த் தொழிற்சாலை வாசலில் கவிழ்த்தாள். தெருவே பின்னால் போனது.

"சாகறதுக்குக்கூட உங்களுக்கு வசதியா ஒரே இடத்துல கூடி நிக்கணுமா நாங்க? பொறுக்கி எடுக்கச் சுலபம்னா?"

ஹெல்மெட் வெளியே வந்தார். பலகையைப் பார்த்தார். "இது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே வச்சதும்மா. அந்த இடம் காலியா இருந்துதுன்னு வச்சிருப்பாங்க."

"சுடுகாடுகூடத்தான் காலியா இருக்கு. அங்க நட வேண்டியதுதானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன் பிறகுதான் அக்காவுக்குக் கஷ்டமான வேலை. கேனோடு ஏறிய அத்தனை மாடிக்கும் மறுபடி ஏறி, "நான் சொன்னது தப்பு. இறங்காதீங்க. ஏறுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஜனம் சும்மா இருக்குமா? "போன மாசம் இறங்குன்னே, இந்த மாசம் ஏறுங்கறே. நீ மனுஷியா லிஃப்டா?" என்று கேட்டார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். டிக்கெட்டம்மாவுக்குத்தான் கொண்டாட்டம். "நான் அப்பவே மேலதான் இருக்கேன். நீங்கதான் புரியாம என்னை இறக்கினீங்க."

கசிவு ஒரு காலைப் பொழுதில் நிஜமாகவே நடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டிருந்தார்கள். அக்கா அடுத்த தெருவில் தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதவில்லை. சங்கு கடைசி வரைக்கும் ஊதவே இல்லை.

முதலில் மோப்பம் பிடித்தது மாமாதான். அந்த நெடியை அவர் மூக்கு மறக்குமா? காலி கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மூடி நெம்பும் இரும்புச் சாவியால் தட்ட ஆரம்பித்தார். ஏதோ மூடி இறுகிவிட்டது போல என்று நான் முதலில் நினைத்தேன். தட்டல் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், வாய்க்கால் பக்கம் தரையோடு தரையாக அழுக்கு மஞ்சளில் ஒரு புகை ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே என் தொண்டை எரிந்தது.

அதன் பிறகு நடந்ததில் குழப்பம் அதிகம் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அத்தனை நாள் வாங்கிய திட்டு எங்கள் காலில் இருந்தது. இஸ்திரிக்கடைக்காரர் கரிப்பெட்டியைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டு ஓடி வந்தார். கீழ் வீட்டு நிறைமாதக் கர்ப்பிணியை நாங்கள் இருவரும் நாற்காலியோடு தூக்கினோம். வழியில் கேன் தண்ணீரில் துணிகளை நனைத்து ஆளுக்கொன்று கொடுத்தார் மாமா. தெருவோரம் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட மாடிப்படிக்கு ஓடி வந்தார்கள். மூன்றாம் மாடியில் டிக்கெட்டம்மா கட்டிலில் இருந்தபடியே அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"உள்ள வா, உள்ள வா. கதவுக்குக் கீழ துணி வைடா. ஏ பொண்ணே, அந்த ஜன்னலை இழுத்துச் சாத்து. தள்ளி உட்காரு, இன்னும் ஆள் வருது. ஹவுஸ்ஃபுல் போர்டெல்லாம் இங்க கிடையாது!"

கீழே தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் படியில் நின்று, "மாமா, போதும், மேல வாங்க!" என்று கத்தினேன். அவர் எதிர் வரிசையைக் கை காட்டினார். அங்கே ஒரு வீட்டில் கதவு இன்னும் திறந்து கிடந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். அந்த வீட்டுக்காரி வெளியே எட்டிப் பார்த்து, பிள்ளையை வாரிக்கொண்டு மாடிக்கு ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

நானும் இஸ்திரிக்கடைக்காரரும் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கினோம். ஸ்டூலில் இருந்து சரிந்து கேன்களுக்கு நடுவில் கிடந்தார். அவரைத் தூக்குவது சுலபமாக இருந்தது. அவ்வளவு லேசான உடம்பு.

அக்கா அடுத்த தெருவில் அதே சத்தத்தைக் கேட்டு, தானும் ஒரு கேனைத் தட்டி, அங்கிருந்தவர்களை மாடிக்கு ஏற்றியிருந்தாள். திரும்பி வர வழியில்லை. நடுவில் புகை. ஒரு மொட்டை மாடியில் நின்றுகொண்டு எங்கள் கட்டடத்தைப் பார்த்தபடி இருந்தாளாம். மாமா கட்டாயம் மேலே ஏறியிருப்பார் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

தீயணைப்பு வண்டிகள் வந்து தண்ணீரைப் பீய்ச்சிப் புகையை அடக்கின. தகவல் கொடுத்தது தொழிற்சாலை இல்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர். ஆஸ்பத்திரி வாசலில் இந்தத் தடவை ஸ்கூட்டர் எதுவும் இல்லை. அந்தச் சின்ன வயசு டாக்டரும் ஸ்டேஷன் மேடமும் சேர்ந்து, அக்கா ஸ்ட்ரெச்சரில் போன நாளுக்குப் பிறகு, அங்கே ஆக்சிஜனையும் ஆட்களையும் தயார் பண்ணி வைத்திருந்தார்கள். எரியும் கண்ணோடும் இருமலோடும் போனவர்கள் எல்லோரும் பிழைத்து வந்தார்கள்.

மாமா வரவில்லை. அவரிடம் மிச்சமிருந்த நெஞ்சு அதைத் தாங்கவில்லை. சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்து போனார். அக்கா அழவில்லை. உடம்பைக் கொடுத்தபோது, அவர் சட்டைக் காலரைச் சரி பண்ணியபடி, "யோவ், ஏறுன்னு எல்லாருக்கும் சொன்னேன். உனக்குத் தனியா சொல்லணுமாய்யா?" என்றாள். அதைக் கேட்டு நாங்கள்தான் அழுதோம்.

சான்றிதழில் 'நாட்பட்ட நுரையீரல் நோய்' என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது அந்தச் சின்ன டாக்டர் இல்லை, அவருக்கு மேலே இருந்தவர்.  நெஞ்சு கெட்டபோது கசிவே இல்லை என்றார்கள். கசிவு வந்து உயிர் போனபோது நெஞ்சு முன்பே கெட்டிருந்தது என்கிறார்கள். ஒரே மனிதரை இரண்டு தடவை கொன்றுவிட்டு இரண்டு தடவையும் கை கழுவிக்கொண்டார்கள். நிர்வாகம் பத்திரிகைகளுக்கு ஒரு அறிக்கை வேறு கொடுத்தது. ஆண்டுதோறும் நடத்திய ஒத்திகைகளால் பொதுமக்களில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லையாம். அதைப் படித்துக் காட்டியபோது டிக்கெட்டம்மா, "என் தம்பி பொதுமக்கள்ல சேர்த்தி இல்லையாடா?" என்று கேட்டார். 

ஒரு நாள் ஹெல்மெட் வந்தார். ஹெல்மெட் இல்லாமல் வந்ததால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. மூன்று மாடி ஏறிக் கதவருகே நின்றார். அக்கா உட்காரச் சொல்லவில்லை.

"அம்மா, சங்கு ஊதாததுக்குக் காரணம் இருக்கு. மேனேஜர் அனுமதி இல்லாம ஊதக் கூடாதுன்னு உத்தரவு. ஜனங்க பயந்துடுவாங்களாம். நான் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். அவர் எடுக்கல."

"சங்கு உன் பக்கத்துலதானே இருந்துச்சு?"

"ஆமா."

"கை இருந்துச்சா?"

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்கிட்ட எதுக்கு வந்து சொல்ற? நான் உன் கண்ணைத் துடைச்சு அனுப்புவேன்னா? விசாரணைன்னு ஒண்ணு நடக்குதே, அங்க போய்ச் சொல்லு."

"வேலை போயிடும்மா."

"இங்க ஆளே போயிட்டாருய்யா. வெளிய போ!"

அவர் போய்ச் சொன்னார். போன் போட்ட விவரம், உத்தரவு போட்டவர் யார், பள்ளத்தில் பலகை நட்டது, எல்லாவற்றையும் விசாரணையில் சொன்னார். சொன்னபடியே வேலையும் போனது. அதனால் அக்கா அவரை மன்னித்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் பெயரை எடுத்தால் இன்றைக்கும் என் பெஞ்சுக்குத்தான் ஆபத்து.

கிடைத்தது இவ்வளவுதான்: சங்கின் சுவிட்ச் இப்போது தீயணைப்பு நிலையத்தில் ஸ்டேஷன் மேடம் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொழிற்சாலை தன்னிடம் இருக்கும் வாயு எது, எவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லியே தீர வேண்டும். மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், பெரிய பதவியில். தொழிற்சாலைக்குப் புது வர்ணம் அடித்து மறுபடி திறந்துவிட்டார்கள். வாய்க்கால் பாலத்தில் நின்று பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் காறித் துப்பத் தோன்றும்.

மாமா உட்கார்ந்த இடத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. கேன்களை அக்காவே கழுவிக்கொள்கிறாள். நேற்று அவள் வண்டியின் பின் சக்கரத்தை நான் கழற்றிப் போட்டிருந்ததால், முதல் மாடிக்கு ஒரு கேனைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினாள். அங்கே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடி வந்திருக்கிறது. பையன் தலையில் துண்டோடு கதவைத் திறந்தான். அக்கா கேனை வாசலிலேயே இறக்கி, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"காத்து இப்ப எந்தப் பக்கம் இருந்து அடிக்குது?"

"தெரியலீங்களே. எதுக்குக் கேக்கறீங்க?"

"மொட்டை மாடிக்குப் போ. கொடியில துணி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லு."

"இப்பவா? தண்ணியை உள்ள வச்சுடுங்களேன், அப்புறமா..."

"தண்ணி இங்கதான் இருக்கும். போய்ட்டு வா. உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போ."

மூன்றாம் மாடியிலிருந்து டிக்கெட்டம்மாவின் குரல் இறங்கி வந்தது. "யாருடி அது புதுசா? மேல அனுப்பு, நான் விவரமா சொல்றேன்!"

அவன் பின்னால் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்தபடி படியேறினார்கள். அக்கா கேன் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள்.